போடிப் பாதையின் கண்பாலங்கள்

மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதையில் உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள பகுதிக்கு 2004ஆம் ஆண்டில் பாதைப் பராமரிப்புப் பொறியாளராக மாற்றலாகிப் போனேன். எனக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் முதலில் என் கையில் கொடுத்தது பாலப் பதிவேடு. பெரிய பாலம் என்று சொல்லத்தக்கவை, குன்னூர் அருகே வைகையைக் கடக்கும் பாலத்தைப் போல, ஒரு சிலவே அதில் இருந்தன. மற்றவை எல்லாம் ஒரு கண், இரண்டு கண், மூன்று கண் வைத்துக் கட்டிய சிறிய கண்பாலங்கள். கண் என்றால் நீர் போவதற்காகப் பாலத்தில் விட்ட திறப்பு. ஓடை, வாய்க்கால், கண்மாயின் மறுகால் (கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வெளியேறும் வழி) என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓடும் நீரின் வகை குறிக்கப்பட்டிருந்தது. "ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அந்தப் பாதையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். அதன் வரலாற்றை நான் அறிந்துகொண்டது பெரும்பாலும் அந்தப் பதிவேட்டின் வழியாகவும், பாதையை ஒட்டி நிலம் வைத்திருந்த விவசாயிகளின் வழியாகவும்தான்.

ரயில் வருவதற்கு முன்பே போடி ஒரு மலையடிவாரச் சந்தை. மூணாறுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டிப் பாதை ஒன்றை அமைத்தார்கள். 1908இல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் சிறு ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கும், போடியிலிருந்து மதுரை–திண்டுக்கல் பாதையில் இருந்த அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கும் போய், பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறின. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலை மேல் இருந்த ரயில் பாதையை முற்றாக அழித்துவிட்டது. அது திரும்பக் கட்டப்படவே இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல். மேலே இருந்த ரயில் போன பிறகு கீழே ரயில் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் இந்தப் பள்ளத்தாக்கின் வணிகம் எப்படி வளர்ந்திருக்கும் என்று ஆய்வு வண்டியில் போகும்போது பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து போடி வரை மொத்தம் 90 கிலோமீட்டர். வடபழஞ்சி, வாலாந்தூர், உசிலம்பட்டி வரை வானம் பார்த்த பூமியும் கண்மாய்ப் பாசனமும் கலந்த நிலம். உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய். அங்கே பாறையை வெட்டித் தண்டவாளத்துக்கு வழி எடுத்திருக்கிறார்கள். கணவாயைத் தாண்டினால் காற்றே மாறிவிடும். ஒரு பக்கம் வருசநாட்டு மலை, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவே வைகையும் முல்லைப் பெரியாறும் சேர்ந்து வளர்த்த வயல்கள். 1895இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணையின் நீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஆனால் அந்த நெல் வயல்களும் பன்னீர் திராட்சைத் தோட்டங்களும் பெரும்பாலும் தேனிக்குத் தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் இருக்கின்றன. ரயில் பாதையோ தேனியிலிருந்து மேற்கே திரும்பிப் போடியில் முடிந்துவிடுகிறது. நீர் எங்கே நிறைய இருந்ததோ அங்கே தண்டவாளம் போகவில்லை. மலைச்சரக்கு எங்கே இறங்கியதோ அங்கே போயிற்று. பாதையின் தலைவிதியே அந்த ஒரு திருப்பத்தில் எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. அந்த மலைச்சரக்கான ஏலக்காய் எடையில் குறைவு, விலையில் அதிகம். நல்ல சாலையும் லாரியும் வந்ததும் அது ரயிலை விட்டுப் போனது இயல்பே. நெல்லும் வாழையும் பாதையோரம் விளைந்திருந்தால் சரக்கு வண்டிகள் இன்னும் சில காலம் ஓடியிருக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாட்டின் பல கிளைப் பாதைகளுக்கு அந்தக் காலத்தில் நேர்ந்தது இதுதான்: பாதையாக இருப்பதைவிட இரும்பாக இருப்பது அவற்றுக்கு அதிக மதிப்பைத் தந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் முற்பகுதியில்தான் மறுபடியும் தண்டவாளம் போட்டார்கள். அந்த இடைக்காலத்தில் மண்மேடு மட்டும் தனியே கிடந்தது. அதன் மேல் ஆடு மேய்ந்ததாகவும், வண்டிப் பாதையாக அதைப் பயன்படுத்தியதாகவும், சில இடங்களில் தண்ணீர் போக மேட்டை வெட்டிவிட்டதாகவும் வயதானவர்கள் சொல்வார்கள். "ரயிலு இல்லாதப்ப மேடு எங்களுக்குத்தான் சார் சொந்தம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் வேலையை ஒழுங்காகச் சொன்னால் அது மிகவும் எளிது: ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புகள் கிடக்க வேண்டும், அந்த இடைவெளி மாறக் கூடாது. அதற்காகக் கீமேன் தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு தன் எல்லை முழுவதும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் ஆப்புகளான சாவிகளில் தளர்ந்தவற்றை அடித்து இறுக்கி, இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் பிஷ்பிளேட் தகடுகளின் போல்ட்டுகளை முடுக்குவார். கேங்மேன்கள் ஜல்லியைப் பெட்டிபோல் நிரப்பி, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான சிலீப்பருக்கு அடியில் குத்தி இறுக்குவார்கள். கோடைக்கு முன்பாக எல்லா பிஷ்பிளேட்டுகளையும் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் நீளும் தண்டவாளம் இணைப்பில் நகர முடியாமல் பக்கவாட்டில் வளைந்துவிடும். கணவாய்ப் பாறை வெட்டில் வெயில் இரு பக்கமும் மோதித் திரும்பும். அங்கே மதியம் வேலை செய்த கேங்மேன்களின் உள்ளங்கைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பாதையின் வரலாற்றை எழுதுபவர்கள் திறப்பு விழாத் தேதிகளோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. 1928க்கும் 2010க்கும் இடையே எந்தத் தண்டவாளமும் தானாக அதன் இடத்தில் கிடக்கவில்லை.

இனி கண்பாலத்துக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டு கோடையில் ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையே ஓரிடத்தில், ஒற்றைக் கண் வைத்த ஒரு சிறு பாலம் பாதிக்கு மேல் மண் தூர்ந்து கிடப்பதைப் பார்த்தேன். மேலே இருந்த ஓடை பல ஆண்டுகளாக வறண்டு, உழவுக்குள் போயிருந்தது. பயன்படாத பாலத்தைப் பராமரிப்பதைவிட மூடிவிட்டு மேட்டைப் பலப்படுத்துவது நல்லது என்று நான் குறிப்பு எழுதத் தயாரானேன். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கீழ்ப்புற வயலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

"தம்பி, இதை அடைக்கப் போறீங்களாக்கும்?"

"ஆமாங்கய்யா. தண்ணிதான் வர்றதில்லையே."

"வராமத்தான் இருக்கும். மேல கம்மா நெறஞ்சு மறுகா பாஞ்சா இந்தக் கண்ணு வழியாத்தான் இறங்கும். எங்க அப்பா காலத்துல ஒரு தடவ, எங்காலத்துல ரெண்டு தடவ பாஞ்சிருக்கு. நீங்க அடச்சா அது ஒங்க மேட்டத்தான் அறுக்கும்."

ஆயுளில் மூன்று முறை வந்த தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் பேசினார். நான் மூன்று ஆண்டு மழைக் கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுத்திருந்தேன். அப்போதும் அவரை முழுவதும் நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குறிப்பை அனுப்பாமல், கேங்மேன்களை விட்டு இரண்டு நாட்களில் கண்ணைத் தூர்வாரி, மேல்புறத்தில் இருபது அடி தூரத்துக்கு ஓடையின் தடத்தைத் திறந்துவிட்டேன். அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் மிகக் கடுமையாகப் பெய்தது. ஒரு நள்ளிரவில் மழைக்கால ரோந்துக்குப் போயிருந்த காவலர், அந்தப் பாலத்தில் கண் நிறையத் தண்ணீர் போகிறது, ஆனால் மேட்டில் அரிப்பு இல்லை என்று தகவல் அனுப்பினார். விடியும் முன் டிராலியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். செந்நீர் கண்ணின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, பெரிய சத்தத்தோடு கீழ்ப்புற வயல்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. காலை வண்டி வேகக் கட்டுப்பாட்டோடு அந்த இடத்தைக் கடந்து போகும் வரை நான் அங்கேயே நின்றேன். அந்த வண்டியில் மதுரைச் சந்தைக்குப் பூக்கூடைகளோடு போகும் பெண்களும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இருந்தார்கள். கண்ணை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பணி ஓய்வு பெறும் வரை என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு பாலப் பதிவேட்டை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். 1928இல் திறந்த அந்தப் பாதையைத் திட்டமிட்டவர்கள் மலையிலிருந்து இறங்கும் நீருக்குக் குறுக்கே ஒரு நீண்ட மேட்டை எழுப்ப வேண்டியிருந்தது. எந்த இடத்தில் எத்தனை கண் வைப்பது என்பதை வரைபடம் மட்டும் பார்த்து அவர்கள் முடிவு செய்திருக்க முடியாது. ஊர்க்காரர்களிடம் கேட்டிருப்பார்கள்; மறுகால் எங்கே பாயும், மடை எங்கே திறக்கும், எந்த வாய்க்காலுக்கு யார் உரிமை என்று விசாரித்திருப்பார்கள். இன்று உழவுக்குள் மறைந்துபோன பல ஓடைகளின் தடம் அந்தப் பதிவேட்டில்தான் மிஞ்சியிருந்தது. ஒரு மாவட்டத்தின் நீர்வழி வரைபடம் ரயில்வே அலமாரியில் எண்களாக உட்கார்ந்திருந்ததை என்னவென்று சொல்வது!

2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டன. கடைசி நாட்களில் நிலையங்களுக்கு ஊரே திரண்டு வந்தது. மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பெயர்த்து அடுக்கியபோது கூட நின்ற மூத்த கேங்மேன் ஒருவர், தன் தகப்பனார் இதே பாதையில் மறுபடி தண்டவாளம் போட்ட கூட்டத்தில் இருந்தவர் என்று சொன்னார். மீட்டர் கேஜ் கிளைப் பாதைகளில் பரவலாக இருந்த தண்டவாளம் கஜத்துக்கு 60 ராத்தல், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ எடை கொண்டது. இன்று அகலப் பாதையில் போடுவது மீட்டருக்கு 60 கிலோ. 1,000 மில்லிமீட்டர் அகலம் 1,676 மில்லிமீட்டராகும்போது மேட்டை அகலப்படுத்த வேண்டும், பாறை வெட்டை விரிக்க வேண்டும், பாலங்களை எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தப் பணி இத்தனை ஆண்டுகள் இழுக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. உசிலம்பட்டி வரை முதல் 37 கிலோமீட்டர், பிறகு ஆண்டிபட்டி வரை 21, தேனி வரை 17, போடி வரை 15 என்று துண்டு துண்டாகப் பாதை முடிந்தது. தேனிக்கு 2022 மே மாதத்தில்தான் ரயில் வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15 அன்று. வண்டி நின்ற ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு தேனிப் பிள்ளை, பள்ளிப் படிப்பு முழுவதையும் ஏறக்குறைய ரயில் இல்லாமலேயே முடித்திருக்கும். அந்த இழப்பைச் செலவுக் கணக்கில் எவரும் எழுதவில்லை.

இன்று போடியிலிருந்து வாரம் மூன்று நாள் நேராகச் சென்னை சென்ட்ரலுக்கே வண்டி போகிறது. மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனாலும் தேனிக்குத் தெற்கே, நெல்லும் திராட்சையும் விளையும் ஊர்கள் இன்னும் தங்களுக்கு ஒரு பாதை வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. திண்டுக்கல்லிலிருந்து, கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள லோயர் கேம்ப் வரை பாதை வேண்டும் என்பது அவர்களுடைய மிகப் பழைய கோரிக்கை. அது நிறைவேறும் நாளில், அளவெடுக்கப் போகும் இளம் பொறியாளர்கள் முதலில் கண்மாய்க் கரைகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

சென்ற ஐப்பசியில் மதுரையிலிருந்து போடிக்குப் பயணியாகப் போனேன். கணவாயின் பாறைகள் முன்பைவிட விலகி நின்றன. ஆண்டிபட்டி தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். பழைய செங்கல் வளைவு இல்லை. அதே இடத்தில் பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம் இருந்தது, முன்பைவிட அகலமாக. அதன் கீழ்ப்புறத்தில் யாரோ வாய்க்காலைப் புதிதாக வெட்டிச் சீர் செய்து வைத்திருந்தார்கள். மழை அன்றுதான் தொடங்கியிருந்தது.