அப்பாவுக்கு லீவு

ஸ்வீடனில் ஒரு குழந்தைக்கு, அம்மா அப்பா இருவருக்குமாகச் சேர்த்து 480 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அப்பா எடுக்காவிட்டால் அந்த 90 நாளும் போச்சு.

ஸ்டாக்ஹோமில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். மகள் பிறந்த வாழ்த்தோடு ஆலோசனையும் வந்தது: "இப்பவே எல்லாத்தையும் எடுத்துடாதீங்க பாஸ். சேர்த்து வைங்க, ஊருக்குப் போறப்ப ரெண்டு மாசம் ஜம்முனு இருக்கலாம்." நியாயமான யோசனைதான். நான்கு வயதுக்குப் பிறகும் 96 நாள் வரை மிச்சம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தள்ளிப்போடுவதில் நமக்குப் பயிற்சி போதாதா என்ன? பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வரட்டும், வீடு வாங்கட்டும், அப்புறம் பிள்ளையோடு நிம்மதியாக இருக்கலாம் என்போம். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அப்பாவும் ஆடித் தள்ளுபடி முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். அதனால் மனைவி வேலைக்குத் திரும்பியதும் நான் லீவு போட்டேன்.

அம்மா வீடியோ காலில் பதறினாள். "ஏங்கண்ணு, வேலையை உட்டுட்டயா?" சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அரசாங்கம் தருகிறது என்றதும் கொஞ்சம் அடங்கினாள். "செரி, பக்கத்து வீட்ல இதெல்லாம் சொல்லிக்க வேண்டாம்" என்றாள்.

டிசம்பரில் இங்கே மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்துக்குள் வெளியே போய்வர வேண்டும். ஓவரால், கையுறை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் டயப்பர் மாற்ற வேண்டியிருப்பது தெரியவரும். குழந்தை வண்டியோடு ஏறினால் நகரப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம். நேராக 'எப்னா ஃபோர்ஸ்கூலா' போவோம். பெற்றோர் கூடவே இருக்க வேண்டிய இலவச விளையாட்டுக் கூடம் அது. பல்லும் தூக்கமும்தான் அங்கே அப்பாக்களின் பேச்சு. கிரிக்கெட் பேச ஆள் கிடைக்காது. பாட்டு நேரத்தில் தாடிக்கார ஆண்கள் கூச்சமில்லாமல் கைதட்டிப் பாடுவார்கள். நானும் பாடினேன்.

திரும்பும் வழியில் பனி அள்ளும் வண்டியைக் கண்டால் மகள் நகர விடமாட்டாள். தெருவை அது முழுதாக வழித்து முடிக்கும்வரை நிற்போம். முதலில் கை தானாக போனுக்குப் போனது. பிறகு நானும் வேடிக்கை பார்த்தேன். எங்கே போக வேண்டியிருக்கிறது?

எல்லா நாளும் இப்படி இனிக்காது. மத்தியானங்கள் நகரவே நகராது. இந்தக் கணத்தில் வாழுங்கள் என்று எழுதுகிறவர்கள் சுவரில் காய்ந்த கஞ்சியைச் சுரண்டியிருப்பார்களா என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் அவளைப் பாலர் பள்ளியில் சேர்க்கிறோம். ஆரம்ப நாட்களில் பெற்றோர் ஒருவர் கூடவே உட்கார்ந்து பழக்க வேண்டும். "அதுக்கு நான் போறேன்" என்கிறாள் மனைவி. இன்னும் முடிவாகவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.