கம்பத்தடியில் இருபத்திரண்டு ஆண்டுகள்

மார்ச் 30, 2025

இன்று காலை ஞாயிறு லீக் கால்பந்து ஆட்டத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தைக் குத்தப் பாய்ந்தபோது வலக்கைச் சுண்டுவிரல் பிசகிவிட்டது. நான்கு வாரத்துக்குக் கையுறையைத் தொடக்கூடாதாம். நாற்பத்து நான்கு வயதில் கோல்கீப்பராக நிற்பவருக்கு இது வேண்டியதுதான் என்கிறாள் மனைவி. சும்மா இருக்கும் நாட்களில், நான் குடியிருக்கும் இங்கிலாந்தின் இந்தப் போர்ட்ஸ்மத் நகரின் ஆலன் நைட்டைப் பற்றிக் குறித்துவைக்க நினைக்கிறேன். 1978 முதல் 2000 வரை ஒரே கிளப்புக்காக 801 ஆட்டங்களில் கோல் காத்தவர் அவர்.

ஏப்ரல் 2

கீழ் டிவிஷன் வீரர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கொரு ஊர் மாறிப் பிழைப்பவர்கள். நைட் ஊர் மாறவில்லை; கிளப்தான் அவரைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கியது. 1978இல் மூன்றாம் டிவிஷனிலிருந்து நான்காவதற்கு விழுந்த போர்ட்ஸ்மத், 1980இல் மீண்டு, 1983இல் மூன்றாம் டிவிஷன் பட்டத்தை வென்று, 1987இல் அன்றைக்கு உச்சியில் இருந்த முதல் டிவிஷனை எட்டி, ஒரே பருவத்தில் திரும்பவும் கீழே வந்தது.

ஏப்ரல் 5

1992இல் இதே நாளில்தான் ஹைபரி மைதானத்தில் லிவர்பூலுக்கு எதிரான, எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி நடந்தது. இரண்டாம் டிவிஷன் அணியாக இறங்கிய போர்ட்ஸ்மத், கூடுதல் நேரத்தில் டேரன் ஆண்டர்டன் அடித்த கோலால் முன்னிலையில் இருந்தது. முடிய சில நிமிடங்களே இருக்க, ஜான் பார்ன்ஸின் ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ரோனி வீலன் அதைக் காலால் தட்டி உள்ளே போட்டார். கம்பம் காப்பாற்றிய பந்தே எதிராளியின் காலடியில் போய் விழுவதைவிடக் கோல்கீப்பருக்குக் கொடுமை வேறில்லை என்பேன். வில்லா பார்க்கில் நடந்த மறு ஆட்டம் கோலின்றி முடிய, பெனால்டியில் 3-1 என்று தோற்றார்கள். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஒன்று பெனால்டியால் முடிவானது அதுவே முதல் முறை.

ஏப்ரல் 27

விரல் தேறிவிட்டதால் இன்று இறங்கினேன். எங்கள் தடுப்பாட்டக்காரர் திருப்பி உதைத்த பந்தை வழக்கம்போல் தப்பாக உதைத்து, எதிரணிக்கு ஒரு கோலைத் தானமாகக் கொடுத்தேன். 1992 வரை சக வீரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு அதைத் தடை செய்தார்கள். அப்போது நைட்டுக்கு 31 வயது. கையையே நம்பிப் பதினான்கு ஆண்டுகள் ஆடியவர், அந்த வயதில் காலுக்கும் வேலை கொடுத்து மேலும் எட்டு ஆண்டுகள் கிளப்பில் நீடித்தது, எத்தனையோ அபாரத் தடுப்புகளைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 29

1978இல் இந்த நாளில், 16 வயதில், ராதரம் ஊரில் நைட்டின் முதல் ஆட்டம். போர்ட்ஸ்மத் 1-0 என வென்றது. சிறுவன் கோல் விடவில்லை. அவரைக் களமிறக்கிய மேலாளர் ஜிம்மி டிக்கின்சன், 1946 முதல் 1965 வரை இதே கிளப்புக்காக 764 லீக் ஆட்டங்கள் ஆடியவர். நைட்டின் 801இல் லீக் ஆட்டங்கள் 683. அந்தக் கணக்கில் டிக்கின்சன் இன்னமும் 81 ஆட்டங்கள் முன்னே நிற்கிறார்.