17 கிலோ குறைந்தது, அதைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருக்கும் கதை

என் பிளவுஸ்களில் உள்பக்கம் எப்போதும் மூன்று தையல் இருக்கும். தைத்துக் கொடுக்கும் அக்கா பக்கத்துணியைக் கூடுதலாக விட்டு, ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று கோடு ஓட்டிவிடுவார், உடம்பு போட்டால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம் என்று. 2004இல் கல்யாணமானதிலிருந்து நான் பிரித்துக்கொண்டேதான் வந்தேன். 2022 ஜூனில், மூன்றையும் பிரித்த பிறகும் பிளவுஸ் கையில் இறுக்கிப் பிடித்தபோது என் எடை 84.6 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர், வயது 43.

அதற்கு முன்னால் எடையே குறைத்ததில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு முறை குறைத்திருக்கிறேன். 2016இல் தெரிந்தவர் ஒருவர் விற்ற சத்து மாவை இரண்டு வேளை பாலில் கலக்கிக் குடித்து மூன்று மாதத்தில் 8 கிலோ குறைந்தது, மாவை நிறுத்தி ஒரு வருடம் ஆவதற்குள் 10 கிலோ ஏறியது. 2019இல் அரிசியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து பனீர், முட்டை, கறி, தேங்காய் என்றே ஓட்டினேன். 9 கிலோ போனது. அப்புறம் ஊரடங்கு வந்தது, எல்லோரும் வீட்டில், மூன்று வேளையும் அடுப்படியில் நான். போனதெல்லாம் திரும்பி வந்து மேலே மூன்று கிலோவும் சேர்ந்தது. இரண்டு முறையும் எவ்வளவு சீக்கிரம் குறையும் என்றுதான் கேட்டேனே தவிர, இதை என் அறுபது வயதிலும் செய்துகொண்டிருப்பேனா என்று ஒருநாளும் கேட்கவில்லை. மூன்றாவது முறை ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இல்லை என்று மனசு சொன்னதை ஆரம்பிக்கவே இல்லை.

மூட்டு வலிக்காகத்தான் டாக்டரிடம் போனேன். அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம். 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5 என்றால் நோய் வந்துவிட்டது என்று விளக்கினார். இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெண்களுக்கு அது 80க்குள் இருப்பது நல்லது என்றார். எங்கள் அத்தைக்கு (மாமியாரைச் சொல்கிறேன்) இருபது வருடமாகச் சர்க்கரை, கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டவள் நான். அந்த 6.1 என்னைப் பயமுறுத்தியது, இன்றைக்கும் அதை நினைத்தால் அடிவயிறு கலங்கும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றவில்லை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், வாயில் போட்டதை எல்லாம் எழுதினேன். அதில்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வேளைச் சாப்பாடு நான் நினைத்த அளவுக்குப் பெரிய குற்றவாளி இல்லை. மகன் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை, குக்கர் அடியில் ஒரு கரண்டி சோறு, அதைக் கொட்ட மனசு வராமல் ரசம் விட்டுப் பிசைந்து நின்றுகொண்டே சாப்பிட்டது, நாலு மணிக்கு ஆபீஸில் வாங்கும் வடை, ராத்திரி டிவி முன்னால் முறுக்கு, ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி. காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஆக எட்டு ஸ்பூன், 40 கிராம். அதுவே 160 கலோரி. மிச்சம் சாப்பிடுவதை நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தோம், அது சரிதான், ஆனால் அதற்காக என் வயிற்றைக் குப்பைத்தொட்டி ஆக்க வேண்டுமா? அரிசி போடும்போதே அரை டம்ளர் குறைத்தேன். மகனுக்கு முதலில் ஒரு தோசை, கேட்டால் அடுத்தது. இரண்டே வாரத்தில் மிச்சம் என்பதே அபூர்வமாகிவிட்டது.

பிறகு சமையலறைக்கு ஒரு சின்ன எடை மிஷின் வாங்கினேன். மதியம் வழக்கம்போல் தட்டில் போட்டுக்கொண்ட சோற்றை நிறுத்துப் பார்த்தால் 420 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, அப்படியென்றால் சோறு மட்டுமே 540க்கு மேல். சோற்றை விடவில்லை, 200 கிராமாக்கினேன். அந்த அளவு சரியாகப் பிடிக்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டதால் தினம் நிறுக்க வேண்டியதில்லை. கிண்ணத்தில் அமுக்காமல் எடுத்துத் தட்டில் கவிழ்த்தால் தீர்ந்தது. காலியான இடத்தில் பொரியலை இரண்டு மடங்காக்கினேன், கூடவே ஒரு முட்டையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ கெட்டித் தயிரோ கட்டாயம். இதைச் செய்யாமல் சோற்றை மட்டும் குறைத்திருந்தால் நாலு மணிக்கு வடைக்கடைக்குத்தான் ஓடியிருப்பேன், முதல் வாரம் ஓடவும் செய்தேன்.

எண்ணெய்க் கணக்கு தனி. எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் 5 லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். யாரிடமும் சொல்லாமல் மளிகை லிஸ்டில் 3 லிட்டர் என்று எழுதினேன், கடுகு தாளிக்க ஸ்பூனால் அளந்து விட்டேன், பூரியை மாதம் ஒருமுறை ஆக்கினேன். கணக்குப் போட்டால் தலைக்குத் தினம் கிட்டத்தட்ட 140 கலோரி குறைந்தது, யாருக்கும் தட்டில் ஒரு வாய் குறையாமல். வெண்டைக்காய் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது என்று மகன் சொன்னான், அவ்வளவுதான்.

கஷ்டமானது ராத்திரிச் சாப்பாடு. என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வர ஒன்பதரை, பத்து ஆகும். பதினெட்டு வருடமாக அவருக்காகக் காத்திருந்து கூடச் சாப்பிட்டவள். காத்திருக்கிற நேரம் முழுக்கக் கொறிப்பது, பிறகு பசி இல்லாமலேயே நாலு தோசை, உடனே படுக்கை. ஏழரைக்கே சாப்பிட்டுவிடுகிறேன் என்று நான் சொன்னதும் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஏத்தா, ஆம்பளை வர்றதுக்கு முன்னாடி நீ கைகழுவிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கு?" என்றார். நான் பதில் பேசவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "நீ சாப்பிட்டுரு, நான் வரும்போது பக்கத்துல உக்காரு, போதும்" என்றார். அத்தை இரண்டு மாதம் போல முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பசியைவிட அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

நடைக்குத் தெப்பக்குளம். மதுரையில் எங்கள் வீடு அதற்குப் பக்கத்தில், வண்டியூர் மாரியம்மன் கோயில் எதிரே இருக்கிற குளத்தைச் சுற்றிக் காலையில் நூற்றுக்கணக்கான பேர் நடப்பார்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மூட்டு வலியோடு முதல் மாதம் ஒரே சுற்று, மூன்றாவது மாதத்தில் மூன்று சுற்று, முக்கால் மணி நேரம். நடந்தால் எடை குறைந்துவிடும் என்று நம்பி நடப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்த முக்கால் மணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய இரண்டு மெதுவடைக்குச் சமம், முடித்துவிட்டு வாசலில் வடையும் டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எனக்குக் குறைத்தது தட்டுதான். நடையின் பலன் பிற்பாடு, எடையைக் காக்கிற காலத்தில்தான் தெரிந்தது. தசை கரையாமல் இருக்க வாரம் மூன்று நாள் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மூன்று கிலோ டம்பெல் இரண்டு. மூட்டு வலி பாதிக்குமேல் போனது இதனால் என்பதுதான் என் கணிப்பு.

முதல் வாரம் 1.9 கிலோ குறைந்தது. துள்ளிக் குதித்தேன். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று டாக்டர் அப்போதே சொன்னார். கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் மாவுச்சத்து இருப்பு ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம், சோற்றைக் குறைத்ததும் அது இறங்கிவிடும். அதற்குப் பிறகு மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒரு கிலோ ஏறிக் காட்டும், பிறகு தானாக இறங்கும். காதுகுத்துக் கிடா விருந்துக்குப் போய்வந்த மறுநாள் 1.2 கிலோ ஏறியிருந்தது. பழைய நானாக இருந்தால் அன்றைக்கே எல்லாம் போச்சு என்று விட்டிருப்பேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி, எந்தக் கிடா விருந்திலும் ஒரு ஆள் கூடுதலாக அவ்வளவு சாப்பிட முடியாது, ஏறியது உப்பும் தண்ணீரும்தான். மறுநாள் பட்டினி கிடக்காமல் வழக்கமான கிண்ணச் சோற்றுக்கே திரும்பினேன், மூன்று நாளில் இறங்கிவிட்டது.

76 கிலோவில் பத்து வாரம் ஊசி நகரவில்லை. அந்த நாட்களில் நிறையப் படித்தேன். அமெரிக்காவில் 1994இலிருந்து ஒரு பதிவேடு நடக்கிறது, குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அதைக் காத்தவர்களைச் சேர்த்து அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. காத்த விதத்தில் மட்டும் நிறைய ஒற்றுமை: பெரும்பாலானோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் போல உடம்பை அசைக்கிறார்கள், விடுமுறை நாளிலும் வார நாள் மாதிரியே சாப்பிடுகிறார்கள். நான் இரண்டு முறை தோற்றது எங்கே என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவாகத்தான் செலவழிக்கும், பசியும் முன்பைவிடக் கூடுதலாக எடுக்கும். 84 கிலோக்காரியின் சாப்பாட்டுக்குத் திரும்பினால் 84 கிலோ திரும்பி வந்தே தீரும்.

2023 செப்டம்பரில் 67க்கு வந்தேன். 15 மாதம், 17.6 கிலோ. இடுப்பு 86, சர்க்கரைச் சராசரி 5.6. அட்டவணைப்படி பார்த்தால் இன்னும் குறைக்கலாம். முயன்றேன், 65 வரை போனேன், எப்போதும் பசி, எப்போதும் எரிச்சல், மகனிடம் காரணமில்லாமல் கத்தினேன். அறுபது வயதிலும் இதைச் செய்வேனா? மாட்டேன். 67லேயே நின்றுவிட்டேன், அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது. பிளவுஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். தையலைப் பிரிக்காமல் போட வந்தது அதுதான் முதல் தடவை.

காப்பதற்கு ஒரே ஒரு கோடு வைத்திருக்கிறேன்: 69. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றுவதற்கு முன் எடை பார்ப்பேன். 69ஐத் தாண்டினால் இரண்டு வாரம் நோட்டு திரும்ப வெளியே வரும், கிண்ணமும் ஏழரை மணியும் கறாராகும். இதுவரை ஐந்து முறை நோட்டை எடுத்திருக்கிறேன்.

ஒருமுறை மட்டும் கைமீறிப் போனது. 2024 செப்டம்பரில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து 19 நாள் ஆஸ்பத்திரி, பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டில் நான். தூக்கம் கிடையாது, ராத்திரி பத்து மணிக்குக் கேண்டீன் பரோட்டாவும் சால்னாவும், விழித்திருக்க இனிப்பு டீ. ஏழெட்டு வெள்ளிக்கிழமை நான் மிஷின் மேல் ஏறவே இல்லை, ஏறப் பயந்தேன். டிசம்பரில் ஏறினால் 71.9. அன்றைக்கு அழுதேன், பழைய இரண்டு முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் இந்த முறை புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கிண்ணம் அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. எண்ணெய் 3 லிட்டர்தான் வந்துகொண்டிருந்தது. முதல் வாரம் நடைக்குப் போகக்கூட முயலவில்லை, தூக்கத்தை மட்டும் சரி செய்தேன், அப்புறம் நோட்டு, அப்புறம் தெப்பக்குளம். நாலு மாதத்தில் 68க்கு வந்தேன். மிஷின் மேல் ஏறப் பயமாக இருக்கிற வாரம்தான் கட்டாயம் ஏற வேண்டிய வாரம் என்று இப்போது வீட்டில் அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் நினைவுபடுத்துவார்.

இப்போது ஊசி போட்டுக் குறைப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நிறுத்தினால் பலருக்கும் எடை திரும்புகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்துத் திடீரென்று சோற்றைப் பாதியாக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்துபோகும், அளவை மாற்றச் சொல்லி டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

அத்தையும் அப்படித்தான் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பித்தார். எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, ஒருநாள் நான் ஏழரைக்கு உட்கார்ந்தபோது அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். போன வாரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்துவிட்டு நேரத்தைக் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஏத்தா, மணி ஏழே முக்கால் ஆச்சு. சட்னி அரைச்சுட்டேன், வா."