மோட்சப் பிரயாணத்தின் பழைய படங்களை மறுபடி அச்சேற்றுவது

கிறிஸ்தியான் என்பவன் நாசபுரி என்ற ஊரை விட்டு மோட்ச நகரத்துக்கு நடந்துபோகும் கதையைச் சொல்லும் ஆங்கில நூல், ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணம். அதற்குப் படப் பஞ்சம் இருந்ததே இல்லை. முதற்பாகம் 1678-இல் லண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டே, மூன்றாம் பதிப்பில், ராபர்ட் ஒயிட் செதுக்கிய முகப்புப் படம் சேர்ந்துவிட்டது. அதில் பன்யன் கண்மூடிச் சாய்ந்திருப்பார், கீழே சிங்கக் குகை, பின்னால் மூட்டை சுமந்தபடி நடக்கும் பிரயாணி. அதற்குப் பிறகு செப்புத் தகடு, மரச்செதுக்கு, நீர்வண்ணம், வண்ண அச்சு என்று எல்லாவற்றிலும் இந்தக் கதையை வரைந்திருக்கிறார்கள். வில்லியம் பிளேக் தன் கடைசி ஆண்டுகளில் 28 நீர்வண்ணப் படங்கள் தீட்டினார். முடிப்பதற்குள் 1827-இல் காலமாகிவிட்டார்.

தமிழ்ப் பதிப்பு ஒன்றுக்கு, டெமி என்ற வழக்கமான புத்தக அளவில், கறுப்பு மட்டும் அச்சாகும் புத்தகமாக, இந்தப் பழைய படங்களைத் தயார்செய்ததில் தெரிந்துகொண்டவை இவை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

படத் தேர்வில் எங்கள் முடிவு ஒன்றே: கறுப்பு மட்டும் அச்சாகும் புத்தகத்துக்கு 19-ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களை மிஞ்ச எதுவும் இல்லை. அவை ஈய எழுத்தோடு சேர்த்து ஒரே அச்சில் ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள், மீதி நிற்பதில் மை ஏறும். படத்தில் சாம்பல் நிறமே கிடையாது. சாம்பல் போலத் தெரிவதெல்லாம் நெருங்கியும் விலகியும் ஓடும் கோடுகள்தான். இதை மறந்துவிட்டுப் புகைப்படம் போலக் கையாள்வதால்தான் இன்று வரும் மறுபதிப்புகள் பலவற்றில் படங்கள் மங்கிக் கிடக்கின்றன.

ஜே. டி. வாட்சன் வரைந்து டால்சியல் சகோதரர்கள் செதுக்கிய 1861-ஆம் ஆண்டு ரௌட்லெட்ஜ் பதிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. ஒரே கை, ஒரே முகம், கதை முழுக்கத் தொடர்கிறது. மாயாபுரிச் சந்தையில் வழக்கு விசாரிக்கும் இடத்துக்கு மட்டும் சார்லஸ் பென்னட்டின் 1860-ஆம் ஆண்டு முகப்படங்களைப் பார்க்கலாம். ஒவ்வொருவர் பெயருக்கும் ஏற்ற முகத்தை அவர் போல வேறு யாரும் பிடிக்கவில்லை. 1904-இல் வந்த பையம் ஷாவின் வண்ணப் படங்கள் அழகானவை, ஆனால் அவை புள்ளிகளால் அச்சானவை. அந்தப் புள்ளிமேல் நம் அச்சகத்தின் புள்ளி விழுந்தால் அலை அலையாக ஒரு கோலம் தோன்றும். கறுப்பு அச்சுக்கு அவை வேண்டாம்.

உரிமை விஷயத்தில் இந்தியாவில் கணக்கு எளிது. படைப்பாளி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பையம் ஷா 1919-இல் இறந்தார், இதே கதைக்குப் படம் வரைந்த ஹெரால்ட் காப்பிங் 1932-இல். இருவர் படங்களுக்கும் தடையில்லை. பிரிட்டனில் 70 ஆண்டு என்பதால், மின்னூலாக வெளிநாட்டில் விற்கப்போகிறவர்கள் 20-ஆம் நூற்றாண்டு ஓவியர்களைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

பல ஓவியர்களின் படங்களைக் கலக்கும்போதுதான் பெரிய தவறுகள் நுழைகின்றன. கதையில் கிறிஸ்தியானின் தோற்றம் கணக்காக மாறுகிறது. நாசபுரியில் கந்தை உடை, முதுகில் மூட்டை, கையில் புத்தகம். சிலுவையடியில் மூட்டை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் போய்விடுகிறது. அங்கேயே பிரகாசமுள்ளவர்கள் மூவர் வந்து கந்தையைக் களைந்து புது உடை தருகிறார்கள், நெற்றியில் அடையாளம் இடுகிறார்கள், முத்திரை பதித்த சுருளைக் கொடுக்கிறார்கள். அதற்குப் பின் வரும் கஷ்டகிரி என்ற மலையில் மூட்டையோடு ஏறும் கிறிஸ்தியானைப் போட்டால், கதை தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தின்மேல் நம்பிக்கை இழப்பார். அடுத்துத் தங்கும் சிங்கார மாளிகையை விட்டுப் புறப்படும்போதுதான் ஆயுதவர்க்கம், அதாவது கவசமும் ஆயுதமும், தரிக்கிறான். ஆகவே அப்பொல்லியோன் என்ற அரக்கனோடு சண்டையிடும் படத்தில் கவசம் இருக்க வேண்டும், மாளிகைக்கு முன் வழியில் வரும் சிங்கங்களின் படத்தில் இருக்கக் கூடாது. அந்தச் சிங்கங்களுக்குச் சங்கிலி உண்டு, கிறிஸ்தியான் கண்ணுக்குத்தான் அது படவில்லை. அப்பொல்லியோனுக்கு மீன் செதில், வலுசர்ப்பச் சிறகு, கரடிக் கால், சிங்க வாய், வயிற்றிலிருந்து தீயும் புகையும் என்று பன்யனே எழுதிவிட்டார். வெறும் கொம்பு வைத்த பிசாசாக வரைந்த படங்களை நாங்கள் ஒதுக்கினோம்.

இதற்கு ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் மூட்டை, உடை, சுருள், கவசம், கூட இருப்பவர் யார் என்று குறித்தால் பொருந்தாதது தானாகத் தெரியும். உடைப் பாணி வேறுபடுவது அவ்வளவு பெரிய குறையில்லை. சீனாவில் 1871-இல் வந்த கான்டனீஸ் பதிப்பில் எல்லோரும் சீன உடையில்தான் இருக்கிறார்கள், கதை அதனால் கெடவில்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் காப்பிய நடையில் இதே பயணத்தைச் சொல்கிறது; அதற்குப் புதிதாகப் படம் வரைபவர்களும் இந்தக் கட்டத்தை அப்படியே பயன்படுத்தலாம், பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு.

இனி ஸ்கேன். பழைய நூல்களின் ஸ்கேன்கள் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையத்தளத்தில் இந்தப் பதிப்புகள் பல கிடைக்கும், ஆனால் பிடிஎஃப்பை இறக்கக் கூடாது. அதில் படம் கடுமையாகச் சுருக்கப்பட்டிருக்கும், கோடுகளின் ஓரம் அரித்திருக்கும். அதே பக்கத்தில் அவ்வளவு சுருக்காத பக்கப் படங்களான ஜேபி2 கோப்புகளின் தொகுப்பு இருந்தால் அதை எடுங்கள். அதுவும் பெரும்பாலும் 300 முதல் 500 பிபிஐதான் (ஓர் அங்குலத்தில் இத்தனை புள்ளி என்ற கணக்கு). சிறு படங்களுக்குத் தாங்கும், முழுப்பக்கத்துக்குத் தாங்காது. புத்தகமே கையில் கிடைத்தால் 1200 பிபிஐ. படத்தைப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 2400. தட்டை ஸ்கேனரில் சிசிடி என்ற உணரி உள்ள வகையே வேண்டும். சிஐஎஸ் உணரி உள்ள மெலிந்த வகையில், கண்ணாடியை விட்டு ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே தையல் பக்கம் மங்கிவிடும். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், இல்லையேல் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும்.

படம் கறுப்புதானே என்று கிரேஸ்கேலில் (நிறமில்லாமல், வெறும் சாம்பல் படிகளாக) எடுக்கக் கூடாது, கலரில் எடுக்க வேண்டும். பழைய தாளில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளில் சிவப்புச் சேனலை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்தப் பழுப்பு கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், மை கறுப்பாகவே நிற்கும். கையால் மணிக்கணக்கில் அழிக்க வேண்டியது ஒரே தட்டலில் போய்விடுகிறது.

அடுத்ததுதான் மொத்த வேலையின் உயிர். முதலில், சிவப்புச் சேனலிலிருந்து கிடைத்த கிரேஸ்கேலிலேயே படத்தை நேராக்கி, புத்தகத்தில் வரப்போகும் இறுதி அளவுக்கு 1200 பிபிஐயில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே திரெஷோல்டு போட்டு, அதாவது ஓர் எண்ணைவிட இருண்டது கறுப்பு, மற்றது வெள்ளை என்று பிரித்து, சாம்பலே இல்லாத ஒரு பிட் படமாக்க வேண்டும். வரிசை மாறினால், ஒரு பிட் படத்தைச் சுருக்கும்போது நெருக்கமான கோடுகள் ஒன்றை ஒன்று விழுங்கும், வானம் முழுக்கக் கறை போலாகும். அளவையும் மூலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. குறைத்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வெள்ளை அச்சில் மை பரவி அடைந்துபோகும். பெரிய படம் டெமி பக்கத்தில் அடங்கவில்லையென்றால் அந்தப் படத்தை விடுங்கள்.

திரெஷோல்டு 128 என்று மென்பொருள் காட்டும் நடு எண் எந்தப் படத்துக்கும் முழுதாகப் பொருந்தாது. மரண நிழலின் பள்ளத்தாக்கு போன்ற இருண்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைப் பகுதியில் நுண்ணிய வெள்ளைக் கோடுகள் திறக்க 105 அளவு வேண்டும். அதே படத்தின் மேல் மூலையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் அறுபடாமல் நிற்க 150 வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, இரண்டு அளவு போட்டு, ஒவ்வொன்றிலும் வேண்டாத பகுதியை மாஸ்க் வைத்து மறைத்து இணைக்க வேண்டும். இணைப்பை இரு பகுதிகள் இயல்பாகப் பிரியும் எல்லையிலேயே, ஒரு பாறை விளிம்பிலோ ஆடை ஓரத்திலோ, ஓடவிடுங்கள். வெட்டவெளியில் இணைத்தால் கோட்டின் தடிமன் திடீரென்று மாறுவது தெரியும்.

பெரிய படங்களில் குறுக்காகவோ நெடுக்காகவோ முடி போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பாக்ஸ் மரம் சிறிய மரம். பெரிய படத்துக்குத் துண்டுகளை இணைத்து முடுக்கித்தான் கட்டை செய்வார்கள், அந்த இணைப்பு விலகிய தடம் அது. முகத்தின்மேல் போனால் மட்டும் கோடு கோடாக இணைத்துச் சரிசெய்யலாம். மற்ற இடத்தில் விட்டுவிடலாம். மூலையில் இருக்கும் டால்சியல் பெயரையும் ஓவியரின் எழுத்துகளையும் அழிக்கவே கூடாது. அவர்கள் உழைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதை அது ஒன்றுதான்.

ஒரு பிட் டிஃப் கோப்பாக, தரம் கெடாமல் சுருக்கும் குரூப் 4 முறையில் சேமியுங்கள். முழுப்பக்கப் படமும் சின்னக் கோப்பாகவே இருக்கும். ஜேபெக் ஆக்கினால் ஓரங்களில் தூசு கிளம்பும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதி, டாக்குமென்டாக அனுப்புங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 100 சதவீதத்தில் வைத்து, நிறம் கறுப்பு மட்டும் என்று பாருங்கள். நான்கு நிறக் கறுப்பாகிவிட்டால் பிளேட் (அச்சுத் தகடு) சற்றே விலகினாலும் கோடு இரட்டையாகத் தெரியும். பிடிஎஃப் எடுக்கும்போது சிறிய கோப்பு என்ற அமைப்பைத் தொடாதீர்கள், அது ஒரு பிட் படத்தையும் 300-க்கு இறக்கிவிடும்.

படம் சம்பவத்துக்கு முன் வரக் கூடாது. வாக்குத்தத்தம் என்னும் சாவியால் சந்தேக துருக்கம் என்ற கோட்டையின் கதவு திறப்பதை, கிறிஸ்தியானும் அவன் துணைப் பிரயாணி திடநம்பிக்கையும் அடிபட்டுக் கிடக்கும் பக்கத்திலேயே காட்டிவிட்டால் வாசகரின் தவிப்பு போய்விடும். அதே பக்கமோ அடுத்த பக்கமோதான். படங்களை எல்லாம் சேர்த்து 16 பக்க ஆர்ட் பேப்பர் ஃபாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கத் தொகுதி) நடுவில் செருகினால் செலவு குறையும் என்பார்கள், ஆனால் எழுத்தோடு கலந்து ஓடும் படத்துக்கு அது சரியான இடமல்ல. படத்துக்குக் கீழே ஆங்கிலப் பதிப்பின் வாசகத்தை மொழிபெயர்த்துப் போடாமல், அதே பக்கத்துத் தமிழ் வரியை எடுத்துப் போடுங்கள். பெயர்கள் ஒன்றுக்கொன்று முரண்படாது.

தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோவுக்குக் குறைய வேண்டாம். 60-இல் கறுப்புப் படம் மறுபக்கம் ஊடுருவும். மொத்த அச்சுக்கு முன் ஒரு ஃபாரம் மட்டும், அதே தாளில், அதே மெஷினில் ஓட்டச் சொல்லுங்கள். லென்ஸ் வைத்து இருண்ட படத்தின் நடுவிலும் வானத்தின் ஓரத்திலும் ஒரு முகத்திலும் பாருங்கள். இருட்டு அடைந்திருந்தால் முதலில் மையைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து வெளிறும் அளவுக்குக் குறைத்தும் திறக்கவில்லையென்றால் அந்தப் படத்தை மட்டும் 105-க்குக் கீழே இறக்கி, பிளேட்டை மறுபடி எடுங்கள்.