வாளியும் வெப்பமானியும்

அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்து, "சுடுதண்ணிக் கிணற்றடியில நிக்கிறன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லக் கேட்டா: "யாருக்கு மகன், என்ன நடந்தது?"

அம்மாவைப் பிழை சொல்ல ஏலாது. நாங்கள் திருகோணமலை ஆட்கள். எங்கள் வீட்டில் வெந்நீரூற்று என்றால் ஊருக்குப் பக்கத்துக் கன்னியா, கன்னியா என்றால் அந்தியேட்டி, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கருமம். நான் முதன்முதலாக அங்கே போனது 2003இல், அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு. எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்னர் சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் நினைத்தபடி போய்வர முடியாது. அன்றைக்கு மாமா மொட்டைத் தலையோடு ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரிலிருந்து ஆவி வந்ததா என்று நினைவில்லை. மாமா அழுவதை முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன், அது மட்டும் நினைவிருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாய் கும்பிடுவதற்காகக் கோணேசர் மலையையே பெயர்க்கப் போனான் இராவணன். அவன் வெட்டிய இடம்தான் கோயிலடியில் இருக்கும் இராவணன் வெட்டு. அவனைத் தடுக்க விஷ்ணு கிழப் பிராமணராக வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி, அவளுக்குக் கருமம் செய்யத் தடியால் ஏழு இடத்தில் குத்தித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மகனே வாளால் குத்தினான் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும் அது தாய்க்கு ஊற்றிய தண்ணீர்.

இப்போது நான் மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் ஒன்பதில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இலங்கையில எரிமலையே இல்லையே, பிறகு எப்படிச் சுடுது?" எனக்கும் உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை சூடு கூடும். அப்படிச் சூடான தண்ணீர் வேறொரு வெடிப்பால் திரும்ப மேலே வருகிறது. அவ்வளவுதான், அடியில் நெருப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் என்னை எழும்பி நிற்க வைத்தது வரைபடம். நாட்டின் நடுவிலுள்ள பழைய பாறைத் தொகுதியும், கிழக்குப் பக்கத்து விஜயன் தொகுதி என்கிற பாறைகளும் முட்டிக்கொள்ளும் எல்லை ஒன்று இருக்கிறது. திருகோணமலைப் பக்கமிருந்து அம்பாந்தோட்டைப் பக்கம் வரைக்கும் எங்கள் ஊற்றுகள் அந்த எல்லையை ஒட்டியே கிடக்கின்றன. கன்னியாவும் மகா ஓயாவும் ஒரே தையலில் விழுந்த ஓட்டைகள். நான் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, உலகத்தில் வேறு இல்லை என்று நினைத்திருந்திருக்கிறேன்.

சரி என்று ஒரு சனிக்கிழமை, சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை தாண்டி நேராக மகா ஓயா. யானை வரக்கூடிய பாதை, அதனால் இருட்ட முன்னம் திரும்பிவிட வேண்டும் என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அங்கே வட்ட வட்டமாகக் கட்டிய கிணறுகள். ஒன்றில் விரல் வைத்துப் பார்த்து அதே வேகத்தில் எடுத்துவிட்டேன். கையோடு கொண்டுபோன ஆய்வுகூட வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 55ஐத் தொட்டு நின்றது. அப்படியென்றால் இந்தத் தண்ணீர் ஒரு கிலோமீற்றராவது கீழே போய் வந்திருக்க வேண்டும். வருகிற வழியில் ஆறிய கணக்கையும் சேர்த்தால் இன்னும் ஆழம்.

நான் பெருமையோடு இதைச் சிநேகிதனுக்கு விளக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் சாரத்தோடு நின்ற சிங்கள ஐயா ஒருவர் என் கையைப் பிடித்து வேறு கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூடு குறைந்ததில் தொடங்க வேண்டுமாம். முதலில் கால், பிறகு முழங்கால், கடைசியாகத்தான் தோள். தலைக்கு ஊற்றவே கூடாதாம். முழங்கால் வருத்தத்துக்காக அவர் மாதத்தில் இரண்டு தரம் வருகிறார். "உணுவதுர", சுடுதண்ணி, என்று தொடங்கி அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது பாதி, மீதியைக் கையால் காட்டினார். சுற்றிவர ஒரே சிரிப்பு. பிள்ளைகள் சவர்க்கார நுரையோடு ஓடுகிறார்கள், ஒரு குடும்பம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறது. எனக்கென்றால் யாரோ செத்த வீட்டில் விளையாடுவதுபோல் இருந்தது. அரை மணித்தியாலத்தில் அதுவும் போய்விட்டது. நானும் ஊற்றிக்கொண்டேன்.

அங்கிருந்துதான் அம்மாவுக்கு எடுத்தேன்.

டிசம்பர் விடுமுறையில் மகாபெலெஸ்ஸவுக்கும் போனோம். சூரியவெவப் பக்கம், அம்பாந்தோட்டை மாவட்டம். சூடு 45க்குக் கிட்ட. இடம் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் சனமோ சனம். எனக்கு மனதில் ஒட்டவில்லை. கபுரெல்ல என்று இன்னொரு ஊற்று இருக்கிறது, மகா ஓயாவைவிடச் சூடு, ஆனால் காட்டுக்குள். யானைக்குப் பயந்த சிநேகிதனை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை.

பிறகு ஒருநாள் கன்னியாவுக்கும் வெப்பமானியை எடுத்துப்போனேன். ஏழு சதுரக் கிணறு, இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். அடி தெளிவாகத் தெரிகிறது, குமிழி வருவதும் தெரிகிறது. ஏழும் ஏழு சூடு என்று அம்மம்மா சொல்லுவா. நான் அளந்த மட்டும் ஒன்றுக்கொன்று வேறுதான், எல்லாம் 40ஐச் சுற்றிச் சுற்றி. நாலாவது கிணற்றில் இறக்கும்போது பக்கத்தில் ஒரு மொட்டைத் தலைப் பையன் ஈர வேட்டியோடு நின்று என்னைப் பார்த்தான். வெப்பமானியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன். மிச்சம் மூன்றும் அளக்கவில்லை.

அம்மாவுக்கும் இப்போது முழங்கால் வருத்தம். மகா ஓயா ஐயா சொன்னதைச் சொன்னேன். முதலில் வரமாட்டேன் என்றா. இரண்டு நாள் கழித்து, அமாவாசையில் மட்டும் வேண்டாம், பார்க்கிற சனம் என்ன ஏது என்று கேட்கும் என்றா. நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே கேட்டா:

"அங்க வாளி இருக்கா, நாங்கதான் கொண்டுபோக வேணுமா?"