லேயிலிருந்து போர்ட் பிளேர்: இணையம் சொன்ன நாலு மணி நேரம்

செப்டம்பர் கடைசி. லடாக்கில் ஒரு வாரம் சுற்றியாயிற்று, அடுத்து நேரே அந்தமான் என்று கிறுக்குத்தனமாக ஒரு திட்டம். தூரம் கணக்குப் போடும் தளம் ஒன்றில் இரண்டு விமான நிலையங்களையும் தட்டினேன். சுமார் 2,940 கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று வந்தது. அந்தத் தளங்கள் உலக உருண்டையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூல் பிடித்து அளக்கும். அதை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துச் சொல்லிவிடும். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்பது அதன் கவலை இல்லை.

ஓடவில்லை. லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, வெயில் ஏறினால் இன்னும் மெலியும். முழுப் பாரத்தோடு விமானம் எழும்ப முடியாது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வேறு பிய்த்துக்கொண்டு அடிக்கும். அதனால் பெரும்பாலும் காலையிலேயே எல்லா விமானங்களும் வந்து போய்விடும்.

நான் போன வழி டெல்லி, கொல்கத்தா, போர்ட் பிளேர். (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.)

காலை 8 மணிக்கு லேயில் கிளம்பியது. காலி தண்ணீர் பாட்டிலை இறுக்கி மூடி முன்சீட்டுப் பையில் செருகியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். பார்த்தால் பாட்டில் இடுப்பு ஒடுங்கிக் கிடக்கிறது. வழக்கமாக மேலே போனால் சிப்ஸ் பாக்கெட் உப்பத்தானே செய்யும்? விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். லே அதைவிட உயரம். ஆக, அங்கே தரையில் நிற்பதைவிட ஆகாயத்தில்தான் மூச்சு விட லேசு. டெல்லியில் இறங்கியபோது பாட்டில் முழுசாகச் சப்பியிருந்தது.

டெல்லி வரை 620 கிலோமீட்டர், அங்கிருந்து கொல்கத்தா 1,310, பிறகு கடல் மேல் இன்னொரு 1,300. கூட்டினால் நூல் பிடித்த தூரத்தைவிட 300 கிலோமீட்டர்தான் அதிகம். டிக்கெட்டில் போட்டிருந்த நேரங்களையும் கூட்டினேன்: ஆறு மணி நேரம். அதிலும் கேட்டை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம் சேர்த்தி.

மிச்சமெல்லாம் உட்கார்ந்தே கழிந்தது. டெல்லியில் ஐந்தரை மணி நேரம். கொல்கத்தாவில் மாலை ஐந்தேகாலிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, நடுவில் கைப்பிடி வைத்த நாற்காலிகளில். படுக்கவிடாமல் செய்வதற்கென்றே யாரோ யோசித்து அந்தக் கைப்பிடியை வைத்திருக்க வேண்டும். இறங்கியபோது மணி 8.20. லேயை விட்டு 24 மணி நேரம் 20 நிமிடம்.

அன்று சாயங்காலம் கடலோரமாக நடக்கலாம் என்று ஐந்தரைக்குக் கிளம்பினேன். சூரியன் அதற்குள் மறைந்துவிட்டது. லேயில் ஆறேகால் தாண்டியும் வெளிச்சம் இருந்தது. 15 டிகிரி கிழக்கே வந்திருக்கிறேன், சூரியக் கணக்கில் அது ஒரு மணி நேரம். கைக்கடிகாரத்துக்கு அது தெரியாது, இரண்டு ஊருக்கும் ஒரே இந்திய நேரம்.