லேபர் ஆபீசில் அம்மாவின் சம்பளக் கேஸ்: போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அம்மாவின் சம்பளப் பாக்கி போன வாரம் வங்கியில் ஏறிவிட்டது. கேட்டது முழுதும் இல்லை, பெரும்பகுதி வந்தது. நிம்மதிதான், ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. கோலாலம்பூரில் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் குத்தகைக் கம்பெனி மூலமாகத் துப்புரவு வேலை செய்கிற நம் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டில் யாராவது படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

லேபர் ஆபீசில், அதாவது தொழிலாளர் இலாகாவில், புகார் கொடுப்பதில் சிரமமே இல்லை. ஐ.சி. (அடையாள அட்டை) நகல், வேலைக் கடிதம், கையில் இருக்கிற சம்பளச் சீட்டு, பாக்கிக் கணக்கு. பாரத்தை நிரப்பி ஒரே காலையில் முடித்துவிட்டோம். சிரமம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

அம்மா செந்தூல் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடமாகக் கழிவறை கழுவுகிறார். பள்ளி மாறவில்லை, வேலை மாறவில்லை, கம்பெனி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தம் முடிந்து புதுக் கம்பெனி வந்தால் அம்மாவும் புது ஆள். ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு 16 நாள் சம்பள விடுப்பு என்று சட்டம் சொல்கிறது. அம்மாவுக்கு முடி நரைத்த பிறகும் முதல் வருட ஆளுக்குரிய 8 நாள்தான். அந்த 8 நாளையும் கடைசிக் கம்பெனி முழுதாகக் கொடுக்கவில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கம்பெனி 1,500-லேயே நின்றது. கேட்டால், "பழைய டெண்டர் விலை, கூட்ட முடியாது" என்றார்கள். அம்மா கையெழுத்துப் போட்ட டெண்டரா அது? மே 1 தொழிலாளர் தினத்தன்று மாடிக் கழிவறைகளைக் கழுவக் கூப்பிட்டுவிட்டு, அதற்குச் சேர வேண்டிய இரண்டு நாள் கூடுதல் சம்பளத்தைத் தரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கடைசி மாதச் சம்பளமும் நின்றது. மாதாமாதம் இ.பி.எஃப். என்ற சேமநிதிக்கு என்று 165 வெள்ளி பிடித்தார்கள். அதன் இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் பார்த்தால் பல மாதம் காலி.

எங்கள் பிளாட்டில் ஓர் அக்கா இருக்கிறார். பகலில் வேறு வேலை. மாலையில் கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்து குத்தகைத் தொழிலாளர்களின் காகிதங்களைப் பார்ப்பார். ஒரு காசு வாங்குவதில்லை. அரசாங்கக் கட்டடங்களில் குத்தகை முறையை ஒழித்து நேரடியாக வேலைக்கு எடுங்கள் என்று ஜே.பி.கே.கே. என்ற குத்தகைத் தொழிலாளர் கூட்டமைப்பு பல வருடமாகப் போராடுகிறதே, அந்தப் பேரணிகளுக்கெல்லாம் போய்ப் பழகியவர். அவர் இல்லையென்றால் நாங்கள் பாதியிலேயே விட்டிருப்போம்.

அக்கா முதலில் சொன்னது, எந்தப் பாக்கிக்கு எந்தக் கதவு என்று. சம்பளம், விடுப்பு, பொது விடுமுறைப் பணம் எல்லாம் லேபர் ஆபீசுக்கு. இ.பி.எஃப். கட்டவில்லை என்றால் இ.பி.எஃப்.-இடமே தனிப் புகார், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் அப்படித்தான். அநியாயமாக வேலையை விட்டு நிறுத்தினால் அது தொழில் உறவு இலாகா, 60 நாளுக்குள் போய்விட வேண்டும். வேலை போனவருக்கு சொக்சோவில் கிடைக்கும் வேலைக் காப்புறுதிப் பணத்துக்கும் அதே 60 நாள்தான். அம்மாவோடு வேலை செய்த ஓர் ஆண்ட்டியைப் புதுக் கம்பெனி எடுக்கவில்லை. "அடுத்த மாசம் கூப்பிடுறோம்" என்று சூப்பர்வைசர் சொன்ன வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தார். அக்காவிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது. தயவுசெய்து யார் வாய்வார்த்தையையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

சேர்ந்து புகார் கொடுக்க அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசினார். பாதிப் பேர் வரவில்லை. புதுக் கம்பெனிக்கும் அதே சூப்பர்வைசர்தான், பேர் கெட்டால் வேலை போய்விடும் என்ற பயம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முன்னாடியே ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்பவர்கள் அந்தப் பயத்தோடு ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும்.

சம்பளச் சீட்டு எல்லா மாதத்துக்கும் இல்லை. கம்பெனி கொடுத்தால்தானே இருக்கும். சரி, வங்கிக் கணக்கு அறிக்கை எடுக்கலாம் என்று போனோம். கணக்குத் திறந்த கிளைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் பழைய மாதங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம் வெட்டு. இதைக் கவுண்டரில் இருப்பவரிடம் சொன்னால் அவர் அடுத்த நம்பரை அழுத்துகிறார். மாதா மாதம் அறிக்கையைக் கைப்பேசியில் இறக்கி வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய அலைச்சல் முகவரியால் வந்தது. வேலைக் கடிதத்தில் இருந்த முகவரிக்குப் போன சம்மன் திரும்பி வந்துவிட்டது. கம்பெனி எப்போதோ இடம் மாறியிருக்கிறது. முதல் தேதியில் எதிர்த் தரப்பில் ஆளே இல்லை, காத்திருந்துவிட்டு வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பினோம். கம்பெனிகளைப் பதிவு செய்கிற எஸ்.எஸ்.எம்.-இல் சிறு கட்டணம் கட்டி, கம்பெனியின் பதிவு முகவரியையும் இயக்குநர் விவரத்தையும் எடுக்கச் சொன்னார் அக்கா. அதைக் கொடுத்த பிறகுதான் ஆள் வந்தது. புகாரோடு சேர்த்தே அதை இணைத்துவிடுங்கள், ஒரு தேதி மிச்சமாகும்.

வந்தவர் நம்மவர்தான். அறைக்குள் போகுமுன்னே நடைபாதையில் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "ஆண்ட்டி, எதுக்கு இழுத்துக்கிட்டு? 800 வெள்ளி ரொக்கம், இப்பவே தரேன். இதுல ஒரு சைன் மட்டும் போடுங்க." தாளில் மலாயில் இரண்டே வரி. எல்லாப் பாக்கியையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. நாங்கள் கேட்டது 4,000-க்கு மேல். அம்மா அந்த உறையையே பார்த்தார். வீட்டு வாடகை நிலுவையில் இருந்த மாதம் அது. வெளி பெஞ்சில் இருந்த அக்கா எழுந்து வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "எவ்வளவு வேணா பேசுங்க, ஆனா ஆபீசர் முன்னாடி பேசுங்க." அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சமரசம் அதிகாரி முன்னால் பதிவானால்தான் நாளைக்குப் பணம் வராவிட்டால் கேட்க வழி இருக்கும். நடைபாதைக் கையெழுத்துக்கு அது கிடையாது.

உள்ளே கம்பெனிக்காரர் வருகைப் பட்டியலை நீட்டினார். மே 1-க்கு எதிரே வரவில்லை என்று அச்சாகியிருந்தது. அம்மா கைப்பையிலிருந்து 555 புத்தகத்தை எடுத்தார். மளிகைக் கடனும் கூட்டுப் பணமும் எழுதுகிற அதே சின்னப் புத்தகம். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. நான் மொழிபெயர்க்கப் போனேன். அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி, என்னைக் கையமர்த்தி, அம்மாவையே படிக்கச் சொன்னார். "மே 1. ஏழு மணி. மூணு பேர். ரெண்டாம் மாடி, மூணாம் மாடி. தண்ணி இல்ல, கீழேயிருந்து வாளியில தூக்கினோம்." தமிழில் படித்துவிட்டு அம்மா தானே தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை.

அதற்குச் சாட்சியாக வாட்ஸ்அப் படங்கள். கழுவி முடித்ததும் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று சூப்பர்வைசர் போட்ட சட்டம், அன்றைக்கு எங்களுக்கு உதவியது. மே 1, காலை 9:12, ஈரமான தரை, சுவரோரம் வாளி. ஒப்பந்தம் முடிந்ததும் எல்லோரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கினாலும் பழைய செய்திகள் நம் கைப்பேசியில் இருக்கும். அழிக்காதீர்கள், போன் மாற்றுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி அச்செடுங்கள்.

கம்பெனிக்காரர் வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். 3,600 வெள்ளி, இரண்டு தவணை, வங்கிக் கணக்கில். அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் தவணை தாமதமானது. பதிவான தாளைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்ட பிறகுதான் போன வாரம் வந்தது.

இ.பி.எஃப். புகார் இன்னும் நடக்கிறது. 165 வெள்ளி பிடித்த சம்பளச் சீட்டுகள் சிலதான் எங்களிடம் உண்டு. உங்களிடம் இருப்பவற்றை இன்றைக்கே போட்டோஸ்டேட் எடுத்து வையுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடுகிறது. அன்றைக்கு வராத பெண்களில் சிலர் இப்போது அக்காவின் மேசைக்கு வருகிறார்கள். அம்மா தன் புத்தகத்தைக் கொண்டுபோய், எப்படி எழுதுவது என்று அவர்களுக்குக் காட்டுகிறார்.